ஒத்தப்படையும் ரெட்டப்படையும்

மகராசனா சொன்னான், எங்க அத்தையக் கேளுங்கன்னு? நெசமாவா தாயி? எங்க வீட்டு ஆம்பளை வாயில இருந்து அப்பிடி ஒரு சொல்லு வந்து, இந்த எழுபத்திரண்டு வயசுல இப்பந்தான் மொத தடவையா கேக்கேன். எந்தம்பி சொரிமுத்து மவன் அவன், நல்ல பையன்தான். அவன் அப்பன் அப்பிடி இல்ல. போன வருசம் செத்துப்போனவனக் குத்தம் சொல்லக் கூடாது. சொல்லத்தான் போறேன். இருந்தாலும் எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது.

அந்தக் கம்ப்யூட்டர இங்கன திருப்புங்க. கண்ணாடிய எடுத்துக்கிடுதேன்.

ஆமா. படத்துல இருக்கது எங்க வீட்டு ஏடுதான். இந்தா, கயிறு கோக்குத ஓட்டைக்குப் பக்கத்துல கருப்பா ஒரு தடம் இருக்குல்லா, அது எங்க அப்பா பெருவெரலு. எழுத்துத் தெரியணும்னு வெளக்குக் கரிய இலைச்சாத்துல கொழச்சுத் தடவுவாவ. கைய ஒழுங்காத் தொடைக்க மாட்டாவ. எவ்வளவு பெருசா தெரியுது பாருங்களேன். கையில வச்சுப் பாத்தப்ப இவ்வளவு பெருசா நான் பாத்ததில்ல.

மொத்தம் அறுவத்தினாலு ஏடு. அறுவத்திமூணுதான் இருக்குன்னு சொல்லுதிய. முப்பத்தெட்டாவது ஏட்டக் கரையான் தின்னுட்டு. அதத்தான் மெட்ராஸ்ல இருந்து கேக்க வந்திருக்கிய, இல்லையா? சொல்லுதேன். எனக்குத் தெரியும். ஆனா மத்ததையும் கேட்டுட்டுத்தான் போவணும். செண்பகம் ரேசன் கடைக்குப் போயிருக்கா, வர நேரமாவும். செண்பகம் எங்க அண்ணன் மவ, இருவது வருசமா எங்கூடத்தான் இருக்கா. அவ இருக்கையில நான் இதையெல்லாம் பேசுததில்ல.

ஏடு எங்க குடும்பத்துக்கு எப்பிடி வந்துச்சுன்னா, அதுக்கு ரெண்டு கதை உண்டு. எங்க அப்பா மந்திரமூர்த்தி வைத்தியரு சொல்லுதது ஒண்ணு. அப்பாவோட பூட்டன் காலத்துல ஊருல பேதி வந்துச்சாம். பொதிகை மலையில இருந்து எறங்கி வந்த ஒரு பரதேசி நம்மூரு சாவடியில விழுந்து கெடந்தாராம். ஊரே ஓடிப் போச்சு, பூட்டன் மட்டும் கஞ்சி ஊத்திப் பாத்துக்கிட்டாராம். சாகும்போது பரதேசி இந்தக் கட்ட அவரு கையில குடுத்து, "வாசி, செய்யாதே"ன்னு சொன்னாராம்.

எங்க அம்மை சொல்லுதது வேற. "குடுக்கவுமில்ல ஒண்ணுமில்ல. செத்தவன் மூட்டைய அவுத்து எடுத்துக்கிட்டாரு. எடுத்தவருக்கு ஒரு கத வேணும்லா"ம்பா. எது நெசம்னு யாருக்குத் தெரியும். கடைசி ஏட்டுல எழுதினவரு பேரு இருக்க வேண்டிய எடம் ஒடிஞ்சு போயிருக்கும், பாத்தியளா? பேரும் கெடையாது, ஊரும் கெடையாது. வீட்டுல 'குரு ஏடு'ன்னு சொல்லுவோம். குருன்னா வாத்தியாரு இல்ல. செம்பத் தங்கமாக்குத மருந்துக்கு அதுல குருன்னு பேரு.

சங்கதி இவ்வளவுதான். செம்புல களிம்பு ஏறுதுல்லா, பச்சையா, அந்தக் களிம்பு வேரோட போச்சுன்னா செம்பு தங்கமாயிரும். அதுக்குப் பாதரசத்தக் கட்டணும், கந்தகம் சேக்கணும், மூசைன்னு ஒரு மண்கிண்ணத்துல போட்டு, மண் பூசின சீல சுத்தி, நெருப்புல புடம் போடணும். இத அறுவத்தினாலு ஏட்டுல சுத்திச் சுத்திச் சொல்லியிருக்கு. உப்புன்னு எழுதியிருந்தா அது உப்பு இல்ல. பிள்ளைன்னு எழுதியிருந்தா அது பிள்ளை இல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி கெடையாது. ஒரு வரிய மூணு விதமா வாசிக்கலாம். அதுல ரெண்டு தப்பு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா, நான்தான் வாசிச்சேன். அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் பொறை விழுந்து போச்சு. அண்ணன் குத்தாலிங்கம் அம்பாசமுத்திரத்துக்குப் படிக்கப் போயிருவான். தம்பி சொரிமுத்து ஒரு எடத்துல உக்கார மாட்டான். நான் ஏழாங்கிளாசோட நின்னவ, வீட்டுல சும்மாதானே இருக்கேன். எழுத்த அப்பாதான் காட்டிக் குடுத்தாவ. காலம்பற பழையது குடிச்சதும் உக்காந்துருவாவ. தெனமும் ரெண்டு ஏடு. முடிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து. எட்டு வருசம், எனக்குக் கல்யாணம் ஆகுத வரைக்கும். பின்ன மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்?

அப்பா அதச் செஞ்சு பாத்ததே இல்ல. ஒருநாள் கேட்டேன், "நாம செஞ்சா தங்கம் வருமாப்பா?"ன்னு. "வராது"ன்னாவ. "பின்ன எதுக்கு வாசிக்கச் சொல்லுதிய?" "பாட்டு நல்லா இருக்குல்லா"ன்னாவ. அப்பிடி ஒரு மனுசன்.

அப்பா தவறிப் பதினாறாம் நாளு. எனக்கு இருவத்தெட்டு வயசு, ரெண்டாவது பிள்ளைய வயித்துல வச்சிருக்கேன், ஏழு மாசம். விசேசம் முடிஞ்சு வீட்டு முன்பக்கம் பட்டாசல்ல ஆம்பளைங்க உக்காந்து பாகம் பிரிக்காவ. எங்க தாய்மாமா நடுவுல. வீடு ரெண்டாச்சு, வயலு ரெண்டாச்சு, அதுல ஒரு பேச்சும் வரல. ஏட்டுக்குத்தான் சண்டை. அண்ணன் அப்பம் காலேஜில கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்கான். "எனக்குத்தான் இதெல்லாம் புரியும்"ங்கான். தம்பி தென்காசியில நாட்டு மருந்துக் கடை போட்டிருக்கான். "தொழிலு எந்தொழிலு, ஏடு எனக்கு"ங்கான். ரெண்டு பேருக்கும் அத ஒழுங்கா வாசிக்கத் தெரியாது. அண்ணன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். தம்பிக்கு அதுவும் வராது.

மாமா யோசிச்சாவ. கயித்த அவுத்தாவ. "ஒத்தப்படை ஏடு மூத்தவனுக்கு, ரெட்டப்படை இளையவனுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாத்தான் வாசிக்க முடியும். அப்பம் சண்ட வராதுல்லா"ன்னாவ. ஊரே மாமா புத்திய மெச்சுது. ஒண்ணு இங்க, ரெண்டு அங்க, மூணு இங்கன்னு சீட்டுக்கட்டு போடுத மாதிரி போட்டாவ தாயி. நான் அடுக்களை நடையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

எனக்குப் பொறுக்கல. உள்ள வந்து சொன்னேன், "மாமா, எனக்குப் பூரா தெரியும். நான் ரெண்டு பேருக்கும் முழுசா நோட்டுல எழுதிக் குடுத்துருதேன். கட்டப் பிரிக்காதிய"ன்னு. பங்கு கேக்கல. எழுதிக் குடுக்கேன்னுதான் சொன்னேன். கேட்டியளா?

அண்ணன் நிமுந்து பாத்தான். ஒலகுன்னுதான் வீட்டுல என்னையக் கூப்பிடுவாவ. "எழுதி, மூணாவது நோட்டு ஒண்ணு ஒன் மாமியா வீட்டுக்கும் கொண்டு போவவா? உள்ள போ, ஒலகு. பொம்பளைக்கு இங்கன என்ன பேச்சு"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாவ. மாமாவும் சிரிச்சாவ. தம்பியும் சிரிச்சான். எங்க வீட்டுக்காரர் அங்கனதான் உக்காந்திருக்காவ, தபாலாபீசுல வேலை, சத்தமாப் பேசத் தெரியாத மனுசன். தலையக் குனிஞ்சுக்கிட்டாவ. அன்னைக்கு நான் சாப்பிடாம வண்டி ஏறினேன். வயித்துப் பிள்ளைக்காரி சாப்பிடாமப் போறாளேன்னு அம்மை வாசல் வரைக்கும் இலையோட வந்தா. நான் வாங்கல.

பெறவு என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஒரே வருசத்துல ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. "நீ மொதல்ல ஒன் ஏட்டக் கொண்டா"ங்கான் ஒருத்தன். "நீ மூத்தவன், நீ கொண்டா"ங்கான் இன்னொருத்தன். பாத்து எழுதிக்கிட்டுத் திருப்பித் தர மாட்டான்னு இவனுக்கு நெனப்பு, அவனுக்கும் அதே நெனப்பு. பதினஞ்சு வருசம். நல்லது கெட்டதுக்கு வந்தாலும் ஆளுக்கு ஒரு பக்கமா நிப்பான். எனக்குச் சிரிப்பு வரும் தாயி. முழு ஏடும் நான் அடுக்களையில தோசை சுடும்போது எனக்குள்ள ஓடிக்கிட்டுக் கெடக்கும். அவனுவ பாதிய வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்டுப் பூட்டி வச்சிருக்கானுவ.

சிரிச்சேன்னு சொன்னேன்லா. ஆமா, சிரிச்சேன்.

அண்ணன் பொங்கப்படி மட்டும் தவறாமக் கொண்டு வருவான். கரும்பு, மஞ்சக்கொலை, அரிசி, வெல்லம். அம்மை போன பெறவும் நிறுத்தல. வருவான், வச்சிட்டு ஒரு காப்பி குடிப்பான், போயிருவான். அப்பிடி ஒரு பொங்கலுக்கு வந்தவன் காப்பி குடிச்ச பெறவும் எந்திரிக்கல. டம்ளர உருட்டிக்கிட்டே இருக்கான்.

"ஒலகு, அப்பாவுக்கு நீதானே வாசிப்ப? ஒனக்கு அதுல ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"எதுல?"

"ஏட்டுலதான். முப்பத்தேழுல மூசையில போட்டு வாய மூடச் சொல்லுது. முப்பத்தொம்பதுல களிம்பு அத்துப் போச்சுங்குது. நடுவுல என்ன?"

எனக்கு அந்த ஏடு நாக்கு நுனியில நிக்கி. பாத்துக்கிடுங்க, நாக்கு நுனியில. "தம்பிகிட்ட கேளு"ன்னேன்.

"அவங்கிட்ட நான் பேசுததில்லலா."

"அப்பம் எனக்கு என்ன தெரியும்? நான் மாமியா வீட்டுக்கு வந்தவ."

அவன் மொகத்துல சுருக்குன்னு ஒண்ணு வந்துட்டுப் போச்சு. புரிஞ்சுட்டு அவனுக்கு. "சரி, சும்மாத்தான் கேட்டேன்"ன்னு எந்திரிச்சான். செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காவ. "ஒனக்குத் தெரியும்லா. சொல்லியிருக்கலாம்லா"ன்னாவ.

"ஒழுங்காக் கேக்கட்டும், சொல்லுதேன்."

"எப்பிடிக் கேக்கணும்?"

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னது தப்புன்னு சொல்லிட்டுக் கேக்கணும்."

அவிய கரும்ப எடுத்துக்கிட்டுப் புறவாசலுக்குப் போனாவ.

நீங்க சொல்லுங்க, நான் கேட்டது பெரிய விசயமா? எட்டு வருசம் வாசிச்சவளுக்கு ஒரு வார்த்தை. அதுவுமில்லாம, அவன் எதுக்குக் கேக்கான்னு சொல்லவே இல்லையே. தங்கத்துக்கு அலையுதான்னுதான் நான் நெனச்சேன். செண்பகத்துக்காகன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அப்பமே சொல்லியிருப்பேன். கண்டிப்பாச் சொல்லியிருப்பேன். அடுத்த பொங்கலுக்கு வருவான்லா, அப்பம் சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். பொங்கலு எங்க போயிரும்?

ஆவணி மாசம் அண்ணன் பொண்டாட்டி, மைனிகிட்ட இருந்து ஆளு வந்துச்சு. அண்ணனுக்குச் சுகமில்ல, வந்து பாத்துட்டுப் போங்கன்னு. போனேன். என்னைய வா ஒலகுன்னு கூப்பிட்டான், வாயில பல்லு ஆடுது, எச்சி வடியுது. டம்ளரப் பிடிக்க முடியல, கை அப்பிடி ஆடுது. மனுசன் அதுக்கு முன்னால ஒரு ஈய அடிச்சவனில்ல. மைனியப் பாத்து ஏய்னு கத்துதான், ஒடனே அழுதான். மைனி என்னையக் கையப் பிடிச்சுப் புறவாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

பின்னால ஒரு சின்ன அறை உண்டு, முன்னால மாட்டுக்குத் தீவனம் போட்டு வச்ச எடம். அதுக்குள்ள மண் அடுப்பு, ஒடஞ்ச மூசை, கரி. சன்னல பலகை அடிச்சு மூடியிருக்கான். புகை வெளிய போனா ஊரு பேசும்னு. ஆறு மாசம் தாயி. லீவு நாளெல்லாம் அதுக்குள்ளதான். நடு ஏடு இல்லாம, தனக்குத் தெரிஞ்சத வச்சு, லேப்ல பாத்தத வச்சு, அவனா ஒரு கணக்குப் போட்டுச் செஞ்சிருக்கான். அடுப்ப ஊதிக் குடுத்தது யாருன்னா, செண்பகம்.

அவ கதவுக்குப் பின்னால நின்னா. இருவது வயசு. கழுத்துலயும் கையிலயும் வெள்ளை வெள்ளையா. எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ரெண்டு வருசமா அவள எங்கயும் கூட்டிக்கிட்டு வரதில்ல, படிக்கான்னு சொல்லுவான். மூணு மாப்பிள்ளை வீடு வந்துட்டு, பாத்துட்டு, பெறவு சொல்லி அனுப்புதோம்னு போயிருக்கு. அப்பந்தான் அண்ணன் பொட்டியத் தொறந்து ஏட்ட எடுத்திருக்கான்.

"ஏட்டுல களிம்பு போவும்னு இருக்காம் அத்தை. செம்புக்குக் களிம்பு மாதிரிதான் ஒனக்கு இது, அது போனா இதுவும் போவும்னு அப்பா சொன்னாவ"ன்னா. புடத்துல வந்த பொடிய வேப்பெண்ணெயில கொழச்சு அவளுக்குத் தடவியிருக்கான். தான் மொதல்ல தின்னு பாத்திருக்கான், பிள்ளைக்குக் குடுக்குததுக்கு முன்னால. ஒரு மாசம் தின்னிருக்கான். தனக்கு ஒண்ணும் ஆகலன்னா அவளுக்கு உள்ளுக்கும் குடுக்கலாம்னு.

நான் அந்த மண் அடுப்பப் பாத்துக்கிட்டே நின்னேன். மைனி என்னையப் பிடிச்சு உலுக்கினா.

பெரியாஸ்பத்திரியில சேத்தாச்சு. ரத்தத்துல பாதரசம், சிறுநீரகம் வேலை செய்யலன்னாவ. பதினெட்டு நாளு கெடந்தான். நான் பகல்ல போயி இருப்பேன், மைனி குளிச்சுட்டு வர்றதுக்கு. ஒருநாள் மத்தியானம், நான் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்குப் பேச்சு கொஞ்சம் தெளிவா இருந்துச்சு.

"ஒலகு."

"என்னண்ணே?"

"அன்னைக்கு மாமா முன்னால ஒன்னைய அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சாப்பிடாமப் போனேல்லா. நான் வண்டி போற வரைக்கும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எறங்கி வந்து கூப்பிட எனக்கு ரோசம் வந்துட்டு."

பாதி உரிச்சபடியே கையில ஆரஞ்சு. பதினாறு வருசமா அந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வந்துட்டு. நான் நெனச்சதுக்கு மேலயே வந்துட்டு.

பெறவு கேட்டான், "இப்பமாவது சொல்லு. நடுவுல என்ன இருந்திச்சு? நான் எதத் தப்பாச் செஞ்சேன்?"

ஒழுங்காக் கேட்டான் தாயி. நான் எப்பிடிக் கேக்கணும்னு சொன்னேனோ அப்பிடியே கேட்டான். நான் என்ன செய்ய? இதச் செய்யாதேன்னுதான் அதுல எழுதியிருக்கு, அது எனக்குத் தெரியும், நீ வீடு தேடி வந்து கேட்டப்ப நான் சொல்லலன்னு சொல்லவா? சாகப் போறவங்கிட்ட?

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே. அந்த ஏடு மட்டும் மறந்து போச்சு"ன்னேன்.

"போட்டும்"ன்னான். எங்கையத் தொட்டான். அவன் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு, எங்கையும் சேந்து ஆடுச்சு. "செண்பகத்தப் பாத்துக்கோ"ன்னான். மூணாம் நாளு போயிட்டான்.

தம்பி சொரிமுத்து வந்து மார்ல அடிச்சுக்கிட்டு அழுதான். பதினாறு முடிஞ்சதும் மைனிகிட்ட ஒத்தப்படை ஏட்டக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான். ரெண்டையும் சேத்து, வரிசையா அடுக்கி, புதுக் கயிறு போட்டுக் கட்டினானாம். அதுக்குப் பெறவு ஒரு நாளு கூட அத அவுக்கல. மச்சுல போட்டு வச்சு, கரையான் வந்து. அவனக் குத்தம் சொல்லப் போறேன்னு சொன்னேன்லா. இதுல என்ன குத்தம் சொல்ல? அவனும்தான் ஒருதடவை ஏட்டத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனானாம். சாகுறதுக்கு முன்னால எங்கிட்ட சொன்னான்.

மைனி எட்டு வருசம் இருந்தா. அவ போன பெறவு செண்பகத்த நான் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். இப்பம் அவளுக்கு மேலு பூரா ஒரே வெள்ளையா ஆயிட்டு, தேமலே தெரியாது. புதுசாப் பாக்குத பிள்ளைய வெள்ளக்காரியான்னு கேக்கும். அவ சிரிப்பா. கை மட்டும் ஆடும். கோலம் போட முடியாது. ஊசியில நூலு கோக்க முடியாது, நான் கோத்துக் குடுப்பேன். கண்ணு தெரியாத கெழவி நான் கோத்துக் குடுக்கேன்.

வருசா வருசம் அப்பன் திதிக்குப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. ஏன்டி ஒடம்பக் கெடுத்துக்கிடுதன்னு கேட்டேன் ஒருதடவை. "எந்தோலுக்காகத்தானே அத்தை அப்பா செத்தாவ. நான் அழாம இருந்திருந்தா அப்பா ஏட்டத் தொட்டிருக்க மாட்டாவ"ன்னா. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதிம்மா"ன்னேன்.

சரி. எழுதிக்கிடுதியளா? முப்பத்தெட்டாவது ஏடு. மெதுவாச் சொல்லுதேன்.

*சொன்னேன்நான் செம்பினது களிம்புக் கையா*
*சோறுண்ணும் தேகத்துக் கல்ல வையா*
*மண்ணாலே சுவரெடுத்த மனைக்குள் வேண்டாம்*
*மனையாளும் மதலையுமே அருகில் வேண்டாம்*
*பின்னாலே காற்றுவரக் காட்டில் நில்லு*
*பிழைபட்டால் பல்லுதிரும் கைந டுங்கும்*
*தன்னாலே வருமென்று துணிய வேண்டாம்*
*தவறினபேர் ஆயிரம்பேர் தரணி மீதே.*

அவ்வளவுதான். செம்புக் களிம்புக்குத்தான், சோறு திங்குத ஒடம்புக்கு இல்லன்னு மொத ரெண்டு வரி. மதலைன்னா பிள்ளை. இங்கன மட்டும் பிள்ளைன்னா நெசப் பிள்ளைதான்.

இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. இந்த ஏடு மட்டும் வேற கையெழுத்து. மத்ததெல்லாம் முத்து முத்தா இருக்கும், இப்பம் படத்துல பாத்தோம்லா. இது மட்டும் கோணக் கோணலா, ஒரு வரி மேல ஏறும், ஒரு வரி கீழ எறங்கும். எழுத்தாணி ரெண்டு எடத்துல ஓலையக் கிழிச்சிருக்கும். சின்னப் பிள்ளையில அப்பாகிட்ட கேட்டேன், இந்த ஏட்டுல மட்டும் ஏன் எழுத்து ஆடுதுன்னு. அப்பா வெரலால தடவிப் பாத்துட்டுச் சொன்னாவ: "இது எழுதினவரு ஏடு இல்ல. செஞ்சு பாத்துக் கெட்டவன் எவனோ ஒருத்தன், நெச முப்பத்தெட்ட எடுத்து எரிச்சுட்டு இத வச்சிருக்கான். பின்னால வாறவனாவது பொழச்சுக்கிடட்டும்னு." அது அந்தப் பரதேசியா, அப்பாவோட பூட்டனா, அதுக்கும் முன்னால யாருமான்னு தெரியாது. பேரு போடல. ஆடுத கையால, ஒவ்வொரு எழுத்தா, எவ்வளவு நாளு உக்காந்து கீறினானோ. எவனோ தெரியாத ஒருத்தனுக்கு அந்த மனசு இருந்திருக்கு. எங்கிட்ட கேட்டவன் கூடப் பொறந்தவன்.

தண்ணி எடுத்துக் குடுங்க தாயி. அந்தச் செம்பு.

என்ன கேக்கிய? யாரு சொன்னதுன்னு போடணுமா? ஓ. 'உலகம்மாள் சொல்லக் கேட்டு எழுதியது.' அப்பிடியா போடுவிய? புஸ்தகமா வருமா? மெட்ராஸ்ல எல்லாரும் பாப்பாவளா? எம்பேரு. முழுப் பேரையும் போடுவியளா?

இல்ல, வேண்டாம். எடுத்துருங்க. செண்பகம் ஒரு காயிதத்த விடாம வாசிக்கவ. மளிகை கட்டி வந்த பேப்பரக் கூட நீவி வச்சு வாசிப்பா. மகராசன் புஸ்தகத்த மொதல்ல அவளுக்குத்தான் கொண்டாந்து குடுப்பான். தேகத்துக்கு அல்லன்னு வாசிப்பா. கீழ எம்பேரு இருக்கும்.

எங்க அண்ணன் பேரப் போட்டுருங்களேன். குத்தாலிங்கம் சொன்னதுன்னு. அதுவும் ஆகாது, தெரிஞ்சேதான் பிள்ளைக்குத் தடவினான்னு ஆயிரும். செத்தும் அவனுக்கு அந்தப் பேரு வேண்டாம். கரையான் தின்னதுன்னே போட்டுருங்க. ஏடு சிதைவு, அப்பிடி ஏதோ சொன்னியள்லா மொதல்ல. அதையே போடுங்க. அதான் நல்லது.

அப்பிடிப் போட்டா, அவ சாகுற வரைக்கும் எந்தோலுக்காகத்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நான் போன பெறவும் சொல்லுவா. திதிக்குத் திதி பட்டினி கெடப்பா. நான் பாத்துக்கிடுதேன், சோறு போடுதேன், நூலு கோத்துக் குடுக்கேன், எல்லாம் சரி. இந்த ஒண்ண மட்டும் அவ தலையில வச்சுட்டு நான் பேசாம இருந்திருக்கேன். இருவது வருசம். இல்ல, அதுக்கு முந்தியும்.

வாசல் கேட்டு தொறக்குத சத்தம் கேக்குதா? அவதான் வாறா. பைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வருவா, கொட்டிரக் கூடாதுன்னு.

நீங்க எந்திரிக்காதிய. பஸ்ஸு பெறவும் இருக்கு. இங்கனயே இருங்க தாயி, கொஞ்ச நேரம். நான் தனியாச் சொன்னா பாதியில பேச்ச மாத்திருவேன், எனக்கு என்னையத் தெரியும். நீங்க இருந்தா முழுசாச் சொல்லிருவேன். அந்தப் பாட்ட எழுதினியள்லா, அந்தத் தாள எங்கையில குடுங்க. எம்பேரோட இருக்குல்லா? அடிக்காதிய. இருக்கட்டும்.

ஏ செண்பகம். பைய அங்கன எறக்கி வை. அரிசிய பெறவு பாத்துக்கிடலாம். கொட்டினா கொட்டட்டும். இங்க வா, எம்பக்கத்துல உக்காரு. ஒங்க அப்பா எங்கிட்ட ரெண்டு தடவை ஒண்ணு கேட்டான்.